மெட்டைத் துணைகொண்டவர்கள்



ஜாஸ் கலைஞர் மேடையில் நிற்கிறார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் மெட்டை ஒருமுறை வாசித்து முடிக்கிறார். அடுத்த கணம், எந்தத் தாளிலும் எழுதப்படாத ஒன்றை அங்கேயே, அப்போதே கற்பனை செய்து வாசிக்கத் தொடங்குகிறார். நம் மரபில் மனோதர்மம் என்று எதைப் போற்றுகிறோமோ, அதுதான் ஜாஸ் இசைக்கும் உயிர். அந்த நேரத்தில் அவருக்கு வழிகாட்டுவது எது? இன்றைய என் உரை இந்த ஒரு கேள்வியைப் பற்றியது. இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, ஸ்கேல். பாட்டின் இந்த இடத்தில் பின்னணியில் இந்தக் கார்டு, அதாவது ஒருசேர ஒலிக்கும் இந்தச் சுரத் தொகுதி, ஒலிக்கிறது, இந்தக் கார்டுக்கு இந்த ஸ்கேல் பொருந்தும், அந்த ஸ்கேலில் இருக்கும் சுரங்களில் எதை எடுத்தாலும் தவறாகாது என்பது அந்த விடை. இன்னொன்று, மெட்டு. சற்றுமுன் வாசித்த அந்தப் பாட்டின் மெட்டே கலைஞரின் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் வாசிப்பதெல்லாம் அதற்குச் சொல்லும் மறுமொழி என்பது இரண்டாவது விடை. இசைப் பள்ளிகளில் பெரும்பாலும் முதல் விடைதான் இன்று முதலில் கற்றுத்தரப்படுகிறது. இரண்டாவது விடைதான் சரியானது என்று நான் வாதாட வந்திருக்கிறேன். ஜாஸ் இசைத்தட்டுகளே எனக்குச் சாட்சி.

முதலில் ஒரு பாட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வாத்தியக் குழுக்களின் பாட்டாகப் பெயர்பெற்று, 1938இல் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் இசைத்தட்டில் பதிவுசெய்து, இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ‘வென் த செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்’. அதன் தொடக்கத்தை நம் சுரங்களில் சொல்கிறேன், சங்கராபரணத்தின் சுரங்களாக மனதுக்குள் பாடிப்பாருங்கள். ஸ க ம ப. ஒரு நிறுத்தம். மறுபடியும் ஸ க ம ப. இன்னொரு நிறுத்தம். மூன்றாம் முறை, ஸ க ம ப க ஸ க ரி. என்ன நடந்திருக்கிறது பாருங்கள். நான்கு சுரம், நான்கு சுரம், பிறகு எட்டுச் சுரம். சொன்னதையே இரண்டு முறை சொல்லி, மூன்றாவது முறை இரு மடங்காக நீட்டியிருக்கிறார்கள். பஞ்சமத்தில் வந்து சேர்ந்ததும் ஐந்து எண்ணிக்கை நின்றுவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் டிராம்போனும் கிளாரினெட்டும் புகுந்து பதில் சொல்கின்றன. கடைசியில் ரிஷபத்தில் வந்து நிற்கும்போது பாட்டு முடியவில்லை, ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. பின்னணியில் கார்டு முதன்முதலாக மாறுவதும் சரியாக அந்த ரிஷபத்தில்தான். அதுவரை ஆறு பார்கள், அதாவது 24 எண்ணிக்கைகள், ஒரே கார்டுதான் ஒலித்துக்கொண்டிருந்தது.

இதே இடத்தை ஸ்கேல் புத்தகத்தோடு அணுகுபவருக்கு என்ன கிடைக்கும்? ஆறு பார்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு செய்தி: மேஜர் ஸ்கேல், ஏழு சுரங்கள். கூடவே ஓர் எச்சரிக்கையும் வரும். இந்தக் கார்டின் மேல் மத்யமம் உறுத்தும், அதைத் தவிர்த்துவிடு என்பார்கள். ஆனால் பாட்டு அந்த மத்யமத்தை மூன்று முறையும் தயங்காமல் தொடுகிறது. எங்கே தொடுகிறது? பஞ்சமத்துக்கு ஒரே ஓர் எண்ணிக்கை முன்னால். பஞ்சமத்தை நோக்கிச் சாய்ந்து, அதில் ஏறி, தன் வேலையை முடித்துக்கொள்கிறது. மத்யமத்தைத் தவிர்க்கச் சொன்னது ஸ்கேல் பாடம், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டியது மெட்டு. இன்னொன்றும் கவனியுங்கள். இந்தப் பாட்டின் மெட்டு முழுவதும் ஸ, ரி, க, ம, ப என்ற ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. தைவதமும் நிஷாதமும் தலைகாட்டுவதே இல்லை. ஏழு சுரங்களுக்கும் உரிமை இருக்கும்போது பாட்டு ஏன் ஐந்தோடு நிறுத்திக்கொண்டது? எந்தச் சுரம் முதலில், எது அடுத்து, எங்கே மூச்சு, எங்கே மௌனம், எங்கே சேர்விடம்? இவற்றில் ஒன்றுக்காவது ஸ்கேல் பதில் சொல்லுமா? ஆரோகண அவரோகணம் மட்டும் தெரிந்த ஒருவர் ராகம் பாடிவிட முடியாது என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராகத்தின் பிடிகளைக் கீர்த்தனைகளிலிருந்துதான் பெறுகிறோம். ஜாஸ் கலைஞருக்கு அந்தக் கீர்த்தனையின் இடத்தில் இருப்பது பாட்டின் மெட்டு.

இது என் ஆசைப்படி நான் கட்டிய கருத்தா? இல்லை. ஜாஸ் தன் முதல் காலத்திலிருந்தே இதைத்தான் சொல்லியிருக்கிறது. நியூ ஆர்லியன்ஸின் பியானோ மேதை ஜெல்லி ரோல் மார்ட்டன் 1938இல் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் ஆலன் லோமாக்ஸின் ஒலிப்பதிவுக் கருவி முன்னால் உட்கார்ந்து, மணிக்கணக்கில் பேசியும் வாசித்தும் தன் கலையை விளக்கினார். எத்தனை அலங்காரம் செய்தாலும் மெட்டு ஏதாவது ஒரு வகையில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அங்கே அவர் வலியுறுத்திய பாடங்களில் ஒன்று. லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் அதைச் செய்தே காட்டியவர். ஹோகி கார்மைக்கேலின் ‘ஸ்டார்டஸ்ட்’ தாவித் தாவிச் செல்லும் மெட்டு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு எட்டி எட்டிப் போகும். 1931இல் ஆம்ஸ்ட்ராங் அதைப் பாடும்போது என்ன செய்கிறார்? அந்தத் தாவல்களைச் சுருக்கி, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப உச்சரிக்கிறார். தாளத்தில் சற்றே பின்தங்குகிறார், பிறகு ஓடிவந்து சேர்ந்துகொள்கிறார். சுரங்கள் குறைந்துவிட்டன, பாட்டு குறையவில்லை. மெட்டு எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது கேட்பவர் மனதில் இருக்கிறது. அவர் விட்டுவைத்த இடத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம். 1928இல் சிகாகோவில் பதிவான ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ இசைத்தட்டின் கடைசிச் சுற்றில் அவர் டிரம்பெட்டில் ஒரே பஞ்சமத்தை ஏறக்குறைய நான்கு பார்கள் பிடித்து நிறுத்துகிறார். ஸ்கேல் படித்த எந்த மாணவருக்கும் அந்தச் சுரம் தெரியும். அதை அங்கே, அவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்ற துணிச்சல் எந்த ஸ்கேலிலிருந்து வரும்?

1937இல் பில்லி ஹாலிடேயும் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கும் சேர்ந்து பதிவுசெய்த பாட்டுகளைக் கேட்டால் இந்த உண்மை இன்னும் நெருக்கத்தில் தெரியும். ஹாலிடே தன் குரலின் எல்லையைப் பெரிதாக விரிப்பவர் அல்ல. மேலே போக வேண்டிய சுரத்தைக் கீழே இறக்கி, மூன்று நான்கு சுரங்களுக்குள்ளேயே ஒரு வரியைச் சொல்லிவிடுவார். சொல் விழ வேண்டிய இடத்தில் விழாது, அரை எண்ணிக்கை தள்ளி விழும். ஆனாலும் அது அந்தப் பாட்டுதான் என்பதில் யாருக்காவது ஐயம் வருமா? அவருக்குப் பக்கத்தில் நின்று, அவர் விட்ட மூச்சிடைவெளியில் யங் வாசிப்பது இன்னொரு பாடகர் பாடுவது போலவே இருக்கிறது. பாட்டின் சொற்களைத் தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டும் என்பது யங்கின் கொள்கை. அவர் வழியில் வந்த டெக்ஸ்டர் கார்டன் பிற்காலத்துக் கச்சேரிகளில், மெதுவான பாட்டு ஒன்றைத் தொடங்குமுன் அதன் வரிகளை ஒலிபெருக்கியில் நிதானமாகச் சொல்லிவிட்டு, பிறகே சாக்ஸபோனை வாயில் வைப்பார். சொல்லுக்கு ஒரு நடை உண்டு. குறில் நெடில் உண்டு. எங்கே நிறுத்த வேண்டும் என்ற இலக்கணம் உண்டு. மெட்டோடு சேர்ந்து இதுவும் கலைஞரின் விரல்களுக்குள் வந்துவிடுகிறது. கார்டுக்கு நெடிலும் இல்லை, குறிலும் இல்லை.

அப்படியானால் ஸ்கேல் எப்படி ஆசனத்தில் ஏறியது? இதற்கு யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1930களில் ஜாஸ் வாசித்தவர்களுக்கு அந்தப் பாட்டுகள் வானொலியில், திரைப்படத்தில், நடன அரங்கில் தினமும் காதில் விழுந்தவை. மெட்டைக் கற்கவே தேவையில்லை, அது காற்றில் இருந்தது. இரண்டு மூன்று தலைமுறைகளுக்குப் பிறகு அதே பாட்டுகள் புதிய மாணவர்களுக்கு அந்நியமாகிவிட்டன. 1953இல் ஜார்ஜ் ரஸ்ஸல் ஸ்கேல்களையும் கார்டுகளையும் இணைக்கும் ஆழமான கோட்பாட்டு நூல் ஒன்றை வெளியிட்டார். பாஸ்டனில் பெர்க்லி போன்ற பள்ளிகள் ஜாஸைப் பாடத்திட்டமாக வகுத்தன. 1967 முதல் ஜேமி ஏபர்சோல்ட், பக்கவாத்தியம் மட்டும் ஒலிக்கும் பயிற்சி இசைத்தட்டுகளை ஸ்கேல் பட்டியல்களோடு வெளியிடத் தொடங்கினார். அவை வீட்டுக்கு வீடு சென்றன. 1970களின் நடுவில் பெர்க்லி மாணவர்கள் கையால் எழுதித் தொகுத்த ‘ரியல் புக்’ என்னும் பெரும்புத்தகம் உரிமம் இல்லாமலே கைமாறிப் பரவியது. ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம். மெட்டு ஒரு வரி, மேலே கார்டுகளின் பெயர்கள். பாட்டைக் கேட்டிராத மாணவர் அந்தப் பக்கத்தில் எதைப் பிடித்துக்கொள்வார்? பெயர் எழுதியிருக்கும் கார்டைத்தான். வகுப்பறைக்கும் அது வசதி. ஸ்கேலைப் பன்னிரண்டு சுருதிகளில் எழுதலாம், தேர்வு வைக்கலாம், சரி தவறு சொல்லி மதிப்பெண் போடலாம். மெட்டு ஒருவர் காதில் தங்கியிருக்கிறதா என்பதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? பாட்டு காதிலிருந்து விலகிய இடத்தில் ஸ்கேல் வந்து உட்கார்ந்தது. வசதிக்காக வந்தது மெல்ல மெல்லக் கொள்கையாகிவிட்டது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். வலுவான மறுப்புகள் இருக்கின்றன, அவற்றை ஒதுக்கிவிட்டுப் போவது நியாயம் அல்ல. முதல் மறுப்பு: கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபர் 11 அன்று நியூயார்க்கில் பதிவுசெய்த ‘பாடி அண்ட் சோல்’. இரண்டு சுற்றுகள், 64 பார்கள். தொடக்கத்தில் மெட்டின் சாயல் கொஞ்சம் கேட்கிறது. பிறகு மெட்டைக் காணோம். கார்டுகளைப் பிரித்துப் பிரித்து, அவற்றின் உள்ளே புகுந்து சாக்ஸபோன் போய்க்கொண்டே இருக்கிறது. ஜாஸ் வரலாற்றின் தலைசிறந்த சோலோக்களில், அதாவது தனி வாசிப்புகளில், ஒன்று மெட்டை உதறிவிட்டல்லவா பிறந்தது என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் அந்த 64 பார்களைத் தொடர்ந்து கேளுங்கள். பாட்டின் எட்டு எட்டு பார்ப் பகுதிகள் எங்கே முடிகின்றனவோ, ஹாக்கின்ஸின் வாக்கியங்களும் அங்கேதான் மூச்சு வாங்குகின்றன. பாட்டின் நடுப்பகுதி அரைச் சுரம் மேலே ஏறும்போது அவர் குரலும் நிறம் மாறுகிறது. முதல் சுற்றில் மெல்லப் பேசத் தொடங்கியவர் இரண்டாம் சுற்றின் முடிவை நோக்கிப் படிப்படியாக ஏறி உச்சத்தைத் தொடுகிறார். கார்டுகளின் சுரங்களை எந்த வரிசையில் வேண்டுமானாலும் அடுக்கலாம். அவற்றை ஒரே பாட்டாக ஏற்றி இறக்கியது எது? பொதுமக்கள் அந்த இசைத்தட்டைக் கடைகளில் தேடி வாங்கியது கார்டு கணக்கு புரிந்ததனாலா? அந்தச் சோலோவுக்கே எடி ஜெஃபர்சன் பிற்காலத்தில் சொற்கள் எழுதிப் பாடினார். சொல் ஏற்கும் தன்மை மெட்டுக்கு மட்டுமே உண்டு. ஹாக்கின்ஸ் பழைய மெட்டை விட்டார் என்றால், அந்த மெட்டின் வடிவத்துக்குள் நின்று புதிய மெட்டு ஒன்றைச் செய்தார் என்றுதான் பொருள்.

ஜெஃபர்சனைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்த வழக்கில் இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1949இல் ஜேம்ஸ் மூடி ஸ்வீடனில் ‘ஐம் இன் த மூட் ஃபார் லவ்’ பாட்டின் மேல் ஒரு சாக்ஸபோன் சோலோ வாசித்துப் பதிவுசெய்தார். அந்தச் சோலோவின் ஒவ்வொரு சுரத்துக்கும் ஜெஃபர்சன் சொல் எழுதினார். 1952இல் கிங் ப்ளெஷர் அதைப் பாடிப் பதிவுசெய்ய, ‘மூடிஸ் மூட் ஃபார் லவ்’ என்ற தனிப் பாட்டாகவே அது புகழ்பெற்றது. ஒரு பாட்டிலிருந்து ஒரு சோலோ பிறக்கிறது. அந்தச் சோலோவே இன்னொரு பாட்டாகிறது. ஸ்கேலின் ஏற்ற இறக்கத்தை வாசித்திருந்தால் இது நடந்திருக்குமா?

இரண்டாவது மறுப்பு, பீபாப் என்னும் ஜாஸ் பாணி. சார்லி பார்க்கரும் அவர் தோழர்களும் பழைய பாட்டின் மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதன் கார்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு புதிய இசை செய்தார்கள், அதனால் மெட்டின் ஆட்சி அங்கே முடிந்துவிட்டது என்பார்கள். 1945 நவம்பர் 26 அன்று பதிவான ‘கோகோ’ அவர்கள் காட்டும் உதாரணம். ரே நோபிளின் ‘செரோக்கி’ என்ற பாட்டின் கார்டுகள் மேல், கேட்பவர் மூச்சுத் திணறும் வேகத்தில் ஓடும் வாசிப்பு. சரி, அந்த வேகத்துக்கு நடுவில், இரண்டாம் சுற்று தொடங்கும் இடத்தில் பார்க்கர் என்ன வாசிக்கிறார்? நியூ ஆர்லியன்ஸ் குழுக்கள் வாசித்துவந்த ‘ஹை சொசைட்டி’ பாட்டில், கிளாரினெட் கலைஞர் அல்போன்ஸ் பிகூவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தப் புகழ்பெற்ற பகுதியை எடுத்து வைக்கிறார். விரல் பறக்கும் நேரத்தில் அவர் நினைவில் நின்றது ஒரு மெட்டு. 1947இல் பதிவான ‘எம்ப்ரேசபிள் யூ’ இன்னும் நுட்பமானது. கெர்ஷ்வின் எழுதிய மெட்டை அவர் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுகிறார். அதற்குப் பதிலாக ஆறு சுரங்களில் ஒரு சிறு வாசகத்தை வைக்கிறார். அதையே மறுபடி சொல்கிறார், இடம் மாற்றிச் சொல்கிறார், வாலை நீட்டிச் சொல்கிறார். அந்த ஆறு சுரங்களிலிருந்து மற்றவை கிளைக்கின்றன. அங்கே மெட்டின் ஆட்சி முடியவில்லை. ஒருவர் எழுதிய மெட்டின் இடத்தில் தானே செய்த மெட்டு வந்து அமர்ந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது மறுப்புதான் எல்லாவற்றிலும் வலிமையானது. 1959 மார்ச், ஏப்ரல் மாதங்களில் மைல்ஸ் டேவிஸ் பதிவுசெய்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஸ்கேல்களை அடித்தளமாகக் கொண்ட தட்டு என்று அதை வாசித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ‘சோ வாட்’ என்ற உருப்படியில் 16 பார்களுக்கு ஒரு டோரியன் ஸ்கேல், நம் கரஹரப்பிரியா. அடுத்த எட்டுப் பார்களுக்கு அதையே அரைச் சுரம் மேலே தூக்கி வைக்கிறார்கள். கடைசி எட்டில் பழையபடி கீழே. இதற்கு மேல் ஸ்கேலுக்கு என்ன வெற்றி வேண்டும்? நானும் ஒப்புக்கொள்கிறேன், அங்கே நிலம் ஸ்கேல்தான். ஆனால் அந்த நிலத்தில் டேவிஸ் எப்படி நடக்கிறார்? உருப்படியின் தொடக்கத்தில் பால் சேம்பர்ஸின் பாஸ் ஒரு கேள்வி கேட்கிறது. மற்ற வாத்தியங்கள் இரண்டே இரண்டு கார்டுகளில் பதில் சொல்கின்றன. கேள்வி, பதில், இடைவெளி. டேவிஸின் சோலோ இந்தப் பேச்சைத்தான் தொடர்கிறது. சின்ன வாசகம் ஒன்று, பிறகு மௌனம். அதற்குத் துணையாக இன்னொரு வாசகம், மறுபடி மௌனம். கையில் ஏழு சுரம் இருந்தும் அவர் அள்ளிக் கொட்டவில்லை. அந்தச் சோலோவுக்கும் ஜெஃபர்சன் சொல் எழுதினார். ஸ்கேல் கோட்பாட்டின் தந்தை என்று போற்றப்படும் அதே ஜார்ஜ் ரஸ்ஸல், 1980களில் தம் பெரிய வாத்தியக் குழுவுக்காக ‘சோ வாட்’ அமைத்தபோது டேவிஸின் சோலோவையே எடுத்து, குழு முழுவதும் சேர்ந்து வாசிக்கும் பாட்டாக ஆக்கினார். கோட்பாட்டாளரின் காதே சோலோவைப் பாட்டாகக் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு நான் என்ன சொல்ல?

கோல்ட்ரேன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். ஜான் கோல்ட்ரேனைப் போல ஸ்கேல்களைக் கரைத்துக் குடித்தவர் யாரும் இல்லை. நிக்கோலஸ் ஸ்லோனிம்ஸ்கி 1947இல் வெளியிட்ட ஸ்கேல் களஞ்சியத்தை வைத்து அவர் ஓயாமல் சாதகம் செய்தார். 1959இல் பதிவான ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ அந்த உழைப்பின் விளைவு. கார்டுகள் அவ்வளவு வேகமாக மாறுகின்றன, ஆயத்தம் இல்லாமல் யாரும் அதற்குள் கால்வைக்க முடியாது. அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. 1964 டிசம்பரில் பதிவான ‘எ லவ் சுப்ரீம்’ நான்கே சுரங்கள் கொண்ட ஒரு வாசகத்தின் மேல் தொடங்குகிறது. அந்த நான்கு சுரங்களைக் கோல்ட்ரேன் ஒரு கட்டத்தில் பன்னிரண்டு சுருதிகளுக்கும் எடுத்துச் செல்கிறார். அவ்வளவு ஆண்டுச் சாதகமும் எங்கே வேலை செய்கிறது பாருங்கள், ஒரு சின்ன மெட்டைச் சுமப்பதில்! பிறகு சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டு அதே வாசகத்தைக் குரலால் ஓதுகிறார்கள். நான்காவது பகுதியான ‘சாம்’ இதையும் தாண்டியது. தட்டின் உறையில் அவர் எழுதிய ஒரு பிரார்த்தனைப் பாடல் அச்சாகியிருக்கிறது. அந்தப் பாடலின் சொற்களை அசை அசையாக அவர் சாக்ஸபோனில் வாசிக்கிறார். உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வரிவரியாகத் தொடர முடியும். ஸ்கேலில் யாரும் போகாத தூரம் போன கலைஞர், சொல்லிடமும் மெட்டிடமும் வந்து சேர்ந்திருக்கிறார்.

இத்தனை நேரமும் சுரம் எழுப்பும் கருவிகளைப் பற்றியே பேசினேன். டிரம்ஸ் வாசிப்பவருக்கு எந்த ஸ்கேல் வழிகாட்டும்? அவர் கையில் ஸ்கேலே கிடையாது. ஆனாலும் அவர் சோலோ வாசிக்கிறார், அது கோவையாகவும் இருக்கிறது. 1956 ஜூன் 22 அன்று நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவான ‘ப்ளூ செவன்’ என்ற உருப்படியைச் சொல்கிறேன். பதினோரு நிமிடத்துக்கும் மேல் நீளும் ப்ளூஸ். சாக்ஸபோன் சானி ரோலின்ஸ், டிரம்ஸ் மேக்ஸ் ரோச். மெட்டு என்று பார்த்தால் சில சுரங்கள்தான். ரோலின்ஸ் அதில் ஒரு துண்டை எடுக்கிறார், திருப்பிப் பார்க்கிறார், நடுவில் இடைவெளி விடுகிறார், மறுபடி எடுக்கிறார். ரோச் தம் முறை வரும்போது சுரமே இல்லாத தோல் கருவிகளில் அதே மாதிரி ஒரு சின்ன வாசகத்தை எடுத்து வளர்க்கிறார். கந்தர் ஷூலர் 1958இல் ‘த ஜாஸ் ரிவ்யூ’ இதழில் இந்த ஒரே வாசிப்பைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதி, எல்லாமே அந்தச் சிறு கருப்பொருளிலிருந்து எப்படி முளைத்தன என்று காட்டினார். தாம் இயல்பாகச் செய்ததைப் பிறர் இப்படிப் பிரித்து விளக்கியது ரோலின்ஸுக்குச் சங்கடமாக இருந்தது. அதுவும் நமக்கு ஒரு சாட்சிதான். திட்டம் போட்டு அவர் அதைச் செய்யவில்லை. மெட்டு காதில் நின்றுகொண்டிருந்தது, கை அதற்குக் கீழ்ப்படிந்தது. தெலோனியஸ் மாங்க் சகக் கலைஞர்களுக்குச் சொன்ன அறிவுரைகளை 1960இல் ஸ்டீவ் லேசி ஒரு தாளில் குறித்துவைத்தார். வாசிக்கும்போது காலால் தாளம் போட்டுக்கொண்டே மனதுக்குள் மெட்டைப் பாடு என்பது அவற்றில் ஒன்று. விசித்திரமான கார்டுகளுக்குப் பெயர்போன மாங்க்தான் இதைச் சொன்னார்!

மெட்டைப் பிடித்துக்கொண்டால் கலைஞர் பழமைக்கு அடிமையாகிவிட மாட்டாரா, புதுமைக்கு வழி ஏது என்று சிலர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. 1959இல் ஆர்னெட் கோல்மன் ‘லோன்லி வுமன்’ பதிவுசெய்தபோது பியானோவை விட்டுவிட்டார், சோலோவுக்கு நிலையான கார்டு வரிசையையும் விட்டுவிட்டார். அன்றைய கேட்போர் பலர் திகைத்தார்கள். எல்லாவற்றையும் உதறிய பிறகு அவரிடம் எஞ்சியது என்ன? ஒரு மெட்டு, மறக்கவே முடியாத மெட்டு. 1967இல் மைல்ஸ் டேவிஸ் குழு வேய்ன் ஷார்ட்டரின் ‘நெஃபர்டீட்டி’யைப் பதிவுசெய்தபோது டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சோலோவே வாசிக்கவில்லை. மெட்டை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். அதன் அடியில் டோனி வில்லியம்ஸின் டிரம்ஸ் அலையாகப் பொங்குகிறது. அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு துணிச்சலான காரியம்! கட்டுப்பாடு தளர்ந்த இடத்திலெல்லாம் மெட்டு இன்னும் முன்னால்தான் வந்திருக்கிறது.

கடைசியாக ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி. மேதைகளுக்கு மெட்டு போதும், பதினாறு வயது மாணவருக்கு எதைக் கற்றுத்தருவது, எங்கிருந்து தொடங்குவது என்பார்கள். ஸ்கேல் சாதகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரலுக்கு அது வேண்டும், பன்னிரண்டு சுருதியும் பழக வேண்டும், கடினமான கார்டு வரும்போது அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆனால் அது விரலுக்கான பயிற்சி. கற்பனைக்கான பயிற்சியும் முறையாகவே இருக்கிறது. லென்னி டிரிஸ்டானோ 1950களில் நியூயார்க்கில் மாணவர்களுக்குக் கற்றுத்தந்தபோது, லெஸ்டர் யங்கின் சோலோக்களை முதலில் வாயால் பாடவைத்தார். பாட வந்த பிறகுதான் கருவியில் எடுக்க வேண்டும். அவரிடம் பயின்ற லீ கோனிட்ஸ் வகுத்த பத்துப் படி முறை 1985இல் ‘டவுன் பீட்’ இதழில் வெளிவந்தது. முதல் படியில் மெட்டை உள்ளபடியே வாசிக்க வேண்டும். அழகாக, ஒவ்வொரு சுரத்தையும் மதித்து. அடுத்த படியில் ஒன்றிரண்டு சுரங்களை மட்டும் சேர்க்கலாம். அதற்கடுத்த படியில் இன்னும் கொஞ்சம். அவசரம் கூடாது. ஒரு படியில் மனநிறைவு வரும்வரை அடுத்ததற்குப் போகக் கூடாது. பத்தாவது படிக்கு வரும்போது பழைய மெட்டின் ஒரு சுரம்கூட வெளியே தெரியாமல் போகலாம், அப்போதும் அந்தப் பாட்டிலிருந்து வளர்ந்ததாகவே அது ஒலிக்கும். பதினாறு வயது மாணவர் இன்று மாலையே இதைத் தொடங்கலாம். எந்தப் பட்டியலையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

கோனிட்ஸ் தாமே இந்தப் பத்தாவது படியில் நின்று வாசித்த தட்டு ஒன்று இருக்கிறது: 1961இல் பதிவான ‘மோஷன்’. சாக்ஸபோன், பாஸ், எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ், மூன்றே கருவிகள். கார்டு பிடித்துக்கொடுக்கப் பியானோ இல்லை. பழகிய பாட்டுகள்தான், ஆனால் மெட்டை அவர் நேரடியாக வாசிப்பது அரிது. இந்த உரை முடிந்ததும் அதிலிருந்து ‘ஆல் ஆஃப் மீ’ ஒலிக்கும். அதற்கு முன்னால் பில்லி ஹாலிடே பாடிய ‘ஆல் ஆஃப் மீ’யை இரண்டு முறை போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் முறை நீங்களும் கூடவே முணுமுணுங்கள், கூச்சம் வேண்டாம். பிறகு கோனிட்ஸ் வாசிக்கும்போது முணுமுணுப்பதை நிறுத்தாமல், மனதுக்குள் அதே மெட்டை முதலிலிருந்து பாடிக்கொண்டே வாருங்கள். 32 பார்கள் முடிந்து நீங்கள் முதல் வரிக்குத் திரும்பும்போது அவரும் அங்கே திரும்புகிறாரா என்று மட்டும் பாருங்கள்.